மசூரின் மண்வெட்டி

சாய்ந்தமருது,
1956 ஆகஸ்ட்

அன்புள்ள மச்சான் அப்துல் ஸமட் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு யாவரும் சுகம். உங்கள் சுகத்துக்கும் கொழும்புக் கடையின் பறகத்துக்கும் துஆச் செய்கிறோம்.

பேரன் மசூருக்கு இரண்டு வயது நிறைந்ததற்கு நீங்கள் அனுப்பிய சீமை வெள்ளிச் சாமான் பெட்டி கிடைத்தது. கரண்டியின் பிடி வளையமாக வளைந்திருப்பதால் பிள்ளைக்குப் பிடிக்க வசதிதான். சோறு மட்டும் வாயைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போய்ச் சேருகிறது. முள்ளுக்கரண்டியின் முள்ளெல்லாம் மழுங்கல். எதையும் குத்தாத முள்ளை வெள்ளியில் செய்வானேன் என்று உங்கள் தங்கச்சி றுகையா கேட்கிறாள். மூன்றாவது சாமானுக்குக் குட்டைப் பிடி, நுனியில் குறுக்கே ஒரு தகடு. அது என்னவென்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. நம் வயலைச் செய்யும் வேலப்போடி வந்தபோது கையில் வாங்கிப் பார்த்து, "இது மண்வெட்டிதானே காக்கா. எலிக்கு வயல் குடுக்கப் போறீங்களா?" என்றார். விஷயம் தீர்ந்தது. மண்வெட்டியென்றால் முன்னால் போட்டுத் தன் பக்கம் இழுக்க வேண்டும். அன்றே மசூரைப் பழக்கத் தொடங்கினேன்.

காரணம் சம்மந்தி பக்கீர் முகைதீன். விருந்துகளில் பலர் கூடி உண்ணும் பெரிய தட்டான ஸஹனில், எங்கள் இருவரையும் ஒன்றையே சுற்றி இருத்துவது ஊரார் எங்களுக்குச் செய்யும் மரியாதை. அவரவர் முன்னால் உள்ளதையே அவரவர் உண்ண வேண்டும் என்பது முறை. ஆகவே அவர் ஸஹனை வைக்கும்போதே கவனித்து, பெரிய இறைச்சித் துண்டு எந்தப் பக்கம் சரிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் இருந்துகொள்வார். மகள் ஸம்ஸியாவை அவர் மகனுக்குக் கட்டிக்கொடுத்த நாள் முதல் எனக்குக் கிடைத்தது எலும்பு.

போன வெள்ளிக்கிழமை கச்சிமுகம்மது வீட்டுக் கலியாணத்தில் மசூரை மடியில் வைத்துக்கொண்டேன். பிஸ்மி சொன்னதும் பிள்ளை மண்வெட்டியை நீட்டி, சம்மந்தியின் முன்னாலிருந்த தொடைத் துண்டுக்கு அப்பால் ஊன்றி, ஒரே இழுவையில் சோற்றோடு எங்கள் பக்கம் கொண்டுவந்துவிட்டான்.

"புள்ளைக்கு முறை படிப்பிக்கல்லியா சம்மந்தி?" என்றார் அவர்.

"அவனுக்கு இன்னம் ஸலாம் சொல்லவே வராது. முறைக்குப் பொறகு ஆறுதலா வருவம்," என்றேன்.

ஸஹனைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்ததில் ஒருவருக்குப் புரையேறியது. அவ்வளவு பெரிய துண்டைப் பச்சைப் பிள்ளை மெல்ல முடியாதல்லவா? அந்தப் பொறுப்பு என்மேல் விழுந்தது, குறையில்லாமல் நிறைவேற்றினேன். வெள்ளைக்காரன் இந்த நாட்டிலிருந்து கொண்டுபோனதில் பாதியை இந்தச் சாமானால் திருப்பித் தந்துவிட்டான் என்பது என் கருத்து. நாளையும் ஒரு விருந்து இருக்கிறது. சம்மந்தி எந்தப் பக்கம் இருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

உங்கள் ஸஹனில் என்றும் உங்கள் பக்கமே கனமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக.

இப்படிக்கு,
மச்சான்
முகம்மது தம்பி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுமுன் விருந்துக்குப் போய்வந்தேன். சம்மந்தியின் மகன், நம் மருமகன் ஸலாஹுதீன் லீவில் வந்திருக்கிறார். இதே சாமானை ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் கண்டிருக்கிறாராம். அது இழுப்பதற்கல்லவாம், சோற்றைத் தள்ளிக் கரண்டியில் ஏற்றுவதற்காம். விருந்துக்கு முன்பே பிள்ளையைத் தள்ளப் பழக்கியும் விட்டார். இன்றைய ஸஹனில் பெரிய துண்டு, முதல் முறையாக, என் பக்கமே இருந்தது. மசூர் அதைத் தள்ளினான். "இப்ப புள்ளைக்கு முறை வந்திட்டு சம்மந்தி," என்று சொல்லிவிட்டுத்தான் பக்கீர் முகைதீன் மெல்லத் தொடங்கினார்.