தலைகீழ் முத்திரை போட்டவனின் விண்ணப்பம்

குரெசாகி நகராட்சி மாத இதழின் ஆசிரியர் திரு. ஹிரோஸே அவர்களின் சமூகத்துக்கு,

மீனவர் தெரு உசுயி தொமெகிச்சி தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. சன்மா மீன் கொழுப்பேறிக் கரைக்கு வரும் இந்த அக்டோபரில் தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நல்ல பசியோடும் நல்ல ஜீரணத்தோடும் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று வியக்க வேண்டாம். வாய் என்னுடையது, கை என் மனைவி ஹாத்சுவுடையது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். (சொல்லாததை எழுதவில்லை. - ஹாத்சு)

தங்கள் கடிதத்தை அவள் மூன்று முறை படித்துக் காட்டினாள். நகரக் கலை ஆலோசனைக் குழு தொடங்கி இருபது வருஷம் ஆகிறது, அந்தக் குழு நகர நிர்வாகத்துக்கு எப்படித் துணை நின்றது என்று மூத்த உறுப்பினரான நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்கிறீர்கள். நவம்பர் மூன்றாம் தேதி பண்பாட்டு நாள் விழாவில் "அஞ்சாத கருத்துக்காக" எனக்கு விருது என்றும், மேடையில் ஐந்து நிமிஷம் ஏற்புரை வாசிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஐயா, என் பெயரை அடித்துவிடுங்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது. எட்டு வயதில் படகேற்றிவிட்டார்கள், பள்ளிக்கூடத்தைக் கடலிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். எழுபத்து மூன்று வருஷமாக அடைகாத்த ரகசியத்தை இப்போது உடைப்பது நேர்மை பொங்கி வந்ததால் அல்ல. எண்ணூறு பேர் பார்க்க, ஒலிபெருக்கி முன்னால், தாளைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தபடி நிற்கப்போகிறேனே என்ற பயத்தினால்.

நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீங்களே விருதைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்கள்.

கழிவறைக் காகிதம் தீர்ந்துவிடப்போகிறது என்று எவனோ கிளப்பிவிட, நாடு முழுக்கப் பெண்கள் கடைவாசலில் முட்டி மோதிக்கொண்டார்களே, அந்த வருஷம். ஒரே பேஸ்பால் அணி தொடர்ந்து ஒன்பதாவது முறையாகக் கோப்பையைத் தூக்கியதும், எங்கள் பள்ளிக்கூடத்துக் கூரைத் தகரம் புயலில் பறந்துபோய் சாக்கே மது காய்ச்சும் மியாகே வீட்டுத் தொட்டிமேல் மூடிபோல உட்கார்ந்துகொண்டதும் அதே வருஷம்தான். அந்த நவம்பரில் மேயர் கத்தாகிரி கலைக் குழு அமைத்தார். ஏழு பேர். அதில் ஒருவர் மீனவர் சங்கத்திலிருந்து வர வேண்டும் என்று விதி. சங்கத் தலைவர் கோந்தா என்னைக் கூப்பிட்டார்.

"டேய் தொமே, எனக்கு மூலம். ரெண்டு மணி நேரம் நாற்காலியில உக்கார முடியாது. நீ போ."

"எனக்குக் கலையப் பத்தி என்ன தலைவரே தெரியும்?"

"மத்த ஆறு பேருக்கு மட்டும் என்ன தெரியும்? நீ வாயத் தொறக்காம உக்காரு. அது உனக்கு நல்லா வரும்."

இதுதான் ஐயா என் தகுதி. ஆசனம் ஆரோக்கியமாக இருந்தது.

குழுவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மிசோகுச்சி தலைவர். மற்றவர்கள் கோயில் துறவி, மலர் அலங்கார ஆசிரியை, டாக்டர், மியாகே, புகைப்படக் கடைக்காரர், நான். கூட்டத்துக்கு முதல் நாளே தாள்கள் வீட்டுக்கு வந்துவிடும். ஹாத்சு மீன் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு எனக்குப் படித்துக் காட்டுவாள். எனக்கு எழுத்து இல்லையே தவிர ஞாபகம் உண்டு. ஒரு தடவை காதில் விழுந்தால் போதும். கூட்டத்தில் தாளைப் பிடித்துக்கொண்டு "இரண்டாம் பக்கம் நான்காம் பத்தியில் சொன்னபடி" என்று ஆரம்பித்தால் தலைமையாசிரியரே கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். அப்படி ஒரு படிப்பாளி நான்.

முதல் திட்டமே மேயருடையது. ரயில் நிலைய வாசலில் 'விடியல்' என்று ஒரு வெண்கலப் பெண். ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு, கை இரண்டும் மேலே, உடம்பில் நூல் கிடையாது. செய்தவர் மேயரின் மச்சினர் என்பது தாளில் இல்லை, ஊருக்கே தெரியும். அவள் எங்கே நிற்கப்போகிறாள் என்றால், நிலையத்துக்கு இடப்பக்கம் தகரக் கூரை போட்ட சிமெண்டு மேடை இருந்ததே, அதை இடித்துவிட்டு அங்கே. அந்த மேடையில்தான் மீன்காரப் பெண்கள் பதினாலு பேர், என் ஹாத்சு உட்பட, விடியற்காலையில் மீனைக் கழுவிப் பங்கு பிரித்துத் தகரப் பெட்டியில் அடுக்கி முதுகில் ஏற்றிக்கொண்டு ஐந்து நாற்பது ரயிலைப் பிடிப்பார்கள். பிளாட்பாரத்தில் மீன் பிரிக்க ரயில்வே விடாது. மேடை போனால் மழையில் சாலையோரம், இல்லாவிட்டால் தொழிலே இல்லை. இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு எது எங்கே என்று தெரியாது. ஹாத்சு படித்ததில் 'நிலைய வாசல்' என்றுதான் என் காதில் விழுந்தது. கூடவே ஒரு வரைபடம் இருந்தது. வரைபடம் எனக்கு வலைச் சிக்கல்போலத்தான் தெரியும்.

கூட்டத்தில் தலைவர், "மேயர் மிகவும் விரும்புகிறார். ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார். டாக்டர் தேநீரைப் பார்த்தார். மியாகே இருமினார். ஆசிரியை கைக்குட்டையை நான்காக மடித்து மறுபடி எட்டாக மடித்தார். யாருக்கும் பிடிக்கவில்லை, ஆனால் மற்றவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் எந்த முடிவும் இப்படித்தானே ஐயா ஏகமனதாகிறது! எனக்குப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்றால், எனக்கு ஒன்றுக்கு வந்துகொண்டிருந்தது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தேன்.

தாள் சுற்றுக்கு வந்தது. சம்மதத்துக்கு அவரவர் பெயர் முத்திரையைக் குத்த வேண்டும். டாக்டரும் மியாகேவும் தாளில் தலைவர் முத்திரைக்கான கட்டத்தைப் பார்த்து வணங்குவதுபோல் லேசாகச் சாய்த்துக் குத்தினார்கள். மூன்றாவது நான். குழுவுக்கென்று புதிதாகச் செய்த என் முத்திரைக் கட்டையில் ஒரு பக்கம் சின்னப் பள்ளம் இருந்தது. அது விரலுக்குப் பட்டால் அதுதான் மேல்பக்கம் என்று அன்றைக்குக் கட்டையைக் கையில் கொடுக்கும்போது ஹாத்சு சொல்லியிருந்தாள். பள்ளத்தைத் தடவி மேலே வைத்து, சிவப்பு மையில் தோய்த்து, நன்றாக அழுத்திக் குத்தினேன்.

அடுத்தவர் துறவி. தாளைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். நான் மரியாதையாகத் தலையசைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். ஒரு சிறு மந்திரம் சொல்லும் நேரம். பிறகு தம் முத்திரைக் கட்டையை விரலுக்குள் மெல்லத் திருப்பி, டக்கென்று குத்தினார். ஆசிரியை பார்த்தார், "ஓ" என்றார், அவரும் திருப்பினார். புகைப்படக்காரர் திருப்பினார். கடைசியில் தாள் தலைவரிடம் போனது. அவர் நெற்றியெல்லாம் வியர்வை.

"அப்போ... இன்னும் கொஞ்சம் ஆராயலாம்னு மேயருக்கு எழுதிடலாமா?"

ஆறு பேரும் ஒரே மூச்சில் "ஆமாங்க" என்றோம். நான் அவர்களோடு சேர்ந்து சொன்னேன், ஏன் என்று தெரியாமல். இன்னும் ஆராயலாம் என்று எழுதிய எந்தத் திட்டமாவது நம் நகராட்சியில் பிழைத்திருக்கிறதா?

கழிவறைக்கு ஓடும்போது கலைப் பிரிவு குமாஸ்தா நோஸே நடைவழியில் இடுப்பு வரை குனிந்தார். கால்சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டேன்.

"உசுயி ஐயா, பன்னெண்டு வருஷ வேலையில இப்படி ஒரு ஆம்பளையப் பாத்ததில்ல. மேயர் திட்டத்துலயே முத்திரையத் தலைகீழாப் போட்டுட்டீங்களே!"

"தலைகீழாவா?"

"ஒரு வார்த்த பேசாம, முகத்துல ஒரு சலனம் இல்லாம, 'மேலிடத்துக்கு மரியாதை, ஆனா எனக்குச் சம்மதம் இல்ல'ன்னு போட்டு ஒடச்சீங்க. அலுவலகத்துல இந்த வழக்கம் காதுவழியாத்தான் கேட்டிருக்கோம். மீன்காரம்மாங்க மேடைக்காக நின்னீங்க."

"எந்த மேடை?" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. "அடக்கத்தப் பாரு!" என்றார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் எனக்காகக் கண் கலங்கியிருக்கிறார், அதைக் கெடுப்பானேன் என்று கழிவறைக்குள் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து ஹாத்சுவிடம்தான் சத்தம் போட்டேன்.

"பள்ளம் மேல இருந்தா நேரா விழும்னு சொன்னியே!"

அவள் செதில் உரித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "முத்திரைக் கடை ஓபா குடிச்சுட்டுப் பள்ளத்த மாத்தி வெட்டியிருப்பான்" என்றாள். அந்த ஓபாவோடு அன்றைக்கு விட்ட பேச்சுதான்.

மூன்றாம் நாள் மேயரே வீட்டுக்கு வந்தார், கையில் முலாம்பழத்தோடு. "உசுயி ஐயா, உங்க மனசுல இருக்கறதச் சொல்லுங்க, கேட்டுக்கறேன்" என்றார். மனசில் ஒன்றுமே இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் பல்லிடுக்கில் காற்றை இழுத்து "ஸ்ஸ்ஸ்..." என்றேன். மேயர் வெளுத்துப்போனார். "அவ்வளவு கஷ்டமா?" என்றார். மறுபடி "ஸ்ஸ்ஸ்" என்றேன். முலாம்பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். நல்ல பழம். 'விடியல்' நகராட்சித் தோட்டத்துக்குப் போனாள். குளிர்காலத்தில் பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று மீன்காரப் பெண்கள் கம்பளிக் குல்லா பின்னி, இடுப்பில் ஒரு ஏப்ரனும் கட்டிவிட்டார்கள். இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறாள், எங்கள் தெருப் பெண்ணைப்போல.

அதற்குப் பிறகு நேராகக் குத்த எனக்குத் தைரியம் வரவில்லை. நேராகக் குத்தினால் உசுயி மேயரிடம் விலைபோய்விட்டான் என்பார்களே! எந்தத் தாள் வந்தாலும் பள்ளத்தை மேலே வைத்துக் குத்தினேன். மணிக்கொரு தரம் பாட்டுப் பாடும் கடிகாரக் கோபுரம் தலைகீழ். நூலக வாசலுக்குக் கற்பலகை, அது நல்ல யோசனைதான், அதுவும் தலைகீழ். அவர்கள் எடுத்துப்போய் இன்னொரு முறை யோசித்து, கொஞ்சம் திருத்தி, மறுபடி கொண்டுவருவார்கள். கொஞ்ச காலத்தில் நகராட்சியில் "உசுயிகிட்ட ஒரு தடவ கவுத்து எடுத்துட்டு வா" என்பதே ஒரு நடைமுறை ஆகிவிட்டது. குழு நிர்வாகத்துக்கு எப்படித் துணை நின்றது என்று கேட்டீர்களே, இப்படித்தான். படகைத் தூணில் கட்டுகிற கயிறு படகை எங்கேயும் கொண்டுபோவதில்லை, ஆனால் அது இல்லாவிட்டால் காலையில் படகு இருக்காது. கயிறு நான் என்றுகூடச் சொல்லமாட்டேன். கயிற்றில் தற்செயலாக விழுந்த முடிச்சு.

ஆகவே ஐயா, விருது குடிகாரன் ஓபாவுக்குப் போக வேண்டியது. அவனும் போன மார்ச்சில் போய்விட்டான். இதைப் பதவி விலகல் கடிதமாக எடுத்துக்கொள்ளுங்கள். கீழே முத்திரை இருக்கிறது. பள்ளத்தைக் கீழ்ப்பக்கமாக வைத்துக் குத்தியிருக்கிறேன். இருபது வருஷத்தில் என் முத்திரை நேராக நிற்பது இதுதான் முதல் முறை. அதையாவது பார்த்துவையுங்கள்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு ஆசியும். தலைமையாசிரியர் போய்விட்டார், துறவி போய்விட்டார், ஆசிரியை, டாக்டர், மியாகே, புகைப்படக்காரர் எல்லோரும் போய்விட்டார்கள். அந்த முதல் தாளில் முத்திரை குத்திய ஏழு பேரில் மிச்சம் இருப்பது இந்த உசுயி தொமெகிச்சி ஒருவன்தான்.

பின்குறிப்பு: இனி வருவது அவர் சொன்னதல்ல. அவரால் படிக்க முடியாது என்பதால் நிம்மதியாக எழுதுகிறேன். ஓபா பள்ளமே வெட்டவில்லை. அந்தக் கட்டை வழவழவென்றுதான் இருந்தது. கூட்டத்தன்று காலையில், அதே சிமெண்டு மேடையில், பதிமூன்று பேர் பார்க்க, மீன் கத்தியால் பெயரின் கீழ்ப்பக்கத்தில் பள்ளம் வெட்டியது நான். தாளைப் படித்துக் காட்டும்போது மேடை பற்றிய இரண்டு வரியை விட்டுவிட்டேன். சொல்லியிருந்தால் "நமக்கேன் வம்பு" என்று கட்டையை வாங்கிப் பார்த்து யாரிடமாவது கேட்டு நேராகக் குத்தியிருப்பார். ஓபாவை நினைத்தால் மட்டும்தான் எனக்கு வருத்தம். இருபது வருஷம் காரணம் தெரியாமலே இவருக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தான்.

மேலே இருக்கும் முத்திரையைப் பாருங்கள். அவர் கேட்டபோது நான் எடுத்துக் கொடுத்தது என்னுடைய கட்டை. அதே குடும்பப் பெயர்தான், பள்ளம் மட்டும் சரியான பக்கத்தில் இருக்கிறது. ஆகவே இந்தப் பதவி விலகலும் தலைகீழாகத்தான் விழுந்திருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று உங்கள் அலுவலகத்துக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏற்புரையை அனுப்புங்கள். ஒரு தடவை படித்துக் காட்டினால் போதும், வரி பிசகாமல் சொல்லிவிடுவார். மேடையில் தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். நம் ஊர்க்காரர்கள் அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

குழுவில் மிச்சம் தாம் ஒருவர்தான் என்கிறார். இருக்கட்டும். ஆனால் கத்தியை நான் எடுத்தபோது அந்தச் சிமெண்டு மேடையில் சிரித்துக்கொண்டிருந்த பதினாலு பேரில் இன்றைக்கும் ஐந்து நாற்பது ரயிலைப் பிடிப்பது ஒருத்திதான். உயிரோடு இருப்பதும் அவள்தான். உசுயி ஹாத்சு.