சடையாண்டி அடித்த ஆணி

ஒரு காட்டில், யானை பஸ் ஓட ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் அதில் ஒருநாள்கூட ஏறாத கரடி ஒருவர் இருந்தார். பெயர் சடையாண்டி. வயது எழுபத்திரண்டு. காட்டுத் தேன் கிடங்கின் வாசலில் முப்பத்து நான்கு வருஷம் காவல் வேலை பார்த்தவர். அத்தனை வருஷத்தில் ஒரு விரல் தேனைக்கூட நக்கியதில்லை. ஒரு கரடி இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மேலதிகாரிகளும் நம்பவில்லை. அதனால் கடைசிவரை காவல்காரராகவே இருந்து ஓய்வு பெற்றார்.

மாதம் பன்னிரண்டு தேனடை ஓய்வூதியம். எட்டு அடையில் குடும்பம் நடக்கும். மீதி நான்கைக் குகைக்குப் பின்னால் இருந்த மரப்பொந்தில் அடுக்கிவைப்பார். கை கால் விழுந்துபோகும் காலத்தில் பிள்ளைகள் வாசலில் போய் நிற்கக்கூடாது என்பதுதான் அவருக்கும் அவர் மனைவி வெள்ளச்சிக்கும் இருந்த ஒரே ஆசை. கரடிக்கு ஏன் வெள்ளச்சி என்று பெயர் வைத்தார்கள் என்று கேட்கவேண்டாம். வைத்தது அவள் அப்பன். அவன் இப்போது இல்லை.

அவர்கள் குகைச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. அதில் எதுவும் மாட்டியிருக்காது.

தேன் கிடங்கில் யார் ஓய்வு பெற்றாலும் பொன்னாடை போர்த்துவது வழக்கம். அதற்காக ஒவ்வொரு தடவையும் ஆளுக்கொரு தேனடை வசூல் செய்வார்கள். சடையாண்டி முப்பத்து நான்கு வருஷமும் கொடுத்தார். வாசலை விட்டு நகர முடியாத வேலை என்பதால் ஒரு விழாவுக்கும் அவர் உள்ளே போனதில்லை. தன் முறை வந்தபோது, பொன்னாடையை மாட்டிவைக்க முதல்நாளே சுவரில் ஆணி அடித்துவிட்டுப் போனார்.

சங்கச் செயலாளர் கோரையன் என்கிற காட்டுப்பன்றி. அவன்தான் பொன்னாடையைப் போர்த்தினான். படம் எடுத்தார்கள். கை தட்டினார்கள். தட்டி முடிவதற்குள் அவன் பின்பக்கமாக வந்து, தூங்குகிற குழந்தைமேல் இருந்து போர்வையை எடுப்பதுபோல அதை மெதுவாக உருவி, நான்காக மடித்து, தன் பையில் வைத்துக்கொண்டான். காதோடு காதாக விளக்கமும் சொன்னான்.

"அடுத்த மாசம் கீரி ரிட்டயர் ஆகுதுண்ணே. சங்கத்துக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். ஆளுக்கொண்ணு வாங்கினா கட்டுப்படியாகுமா?"

சடையாண்டி வீட்டுக்கு வந்தார். ஆணி சுவரில் இருந்தது. அன்றோடு கோரையனிடம் பேச்சை நிறுத்தினார்.

பேச்சை நிறுத்துவது என்றால் சும்மா வாயை மூடிக்கொண்டிருப்பது இல்லை. அதற்கு உடம்பால் உழைக்கவேண்டும். பஸ் நிறுத்தம் கோரையன் வீட்டு வாசலில் வந்தது. அங்கே போய் நிற்கப் பிடிக்காமல் சடையாண்டி சந்தைக்கு நடந்தே போனார், மூன்று மைல் போக, மூன்று மைல் வர. காட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் முதல் பந்தியில் கோரையன் உட்கார்ந்திருப்பான். அதனால் இவர் எந்தக் கல்யாணத்துக்கும் போவதில்லை. மொய் மிச்சம். லட்டும் உடம்பில் ஏறவில்லை. ஓய்வு பெற்றோர் செல்போன் குழுவுக்கு அட்மின் கோரையன். ஆகவே இவர் செல்போனே வாங்கவில்லை.

இப்படிப் பன்னிரண்டு வருஷம் போயிற்று. தினமும் காலையில் எழுந்ததும் ஆணியைப் பார்ப்பார். பார்த்ததும் ரத்தம் சுறுசுறுப்பாக ஓடும். நடக்கக் கிளம்பிவிடுவார்.

அந்த வருஷம் காட்டில் முதியோர் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். டாக்டர் ஒரு நாரை. அந்த அம்மாள் சடையாண்டியின் நெஞ்சில் அலகை வைத்துக் கேட்டார், நாக்கை நீட்டச் சொன்னார், முழங்காலைத் தட்டினார். சர்க்கரை இல்லை. பிரஷர் இல்லை. மூட்டு இருபது வயதுக் கரடியின் மூட்டு. டாக்டரம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். வந்தவரை ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பினால் முகாம் எதற்கு என்று மேலே கேட்பார்கள். படிவத்தைப் புரட்டினார்.

பதினேழாவது கேள்வி, 'யார் மீதாவது மனவருத்தம் உண்டா?' என்பது. மற்ற எல்லாரும் 'இல்லை' என்று பொய் எழுதியிருந்தார்கள். சடையாண்டி 'உண்டு' என்று எழுதி, இடம் போதாமல் தேக்கிலை இரண்டு கேட்டு வாங்கி, முன்னும் பின்னும் எழுதி இணைத்திருந்தார்.

"இதுதான் உங்க வியாதி" என்றார் டாக்டரம்மா. "பன்னெண்டு வருஷக் கோபம் நெஞ்சை அரிச்சிடும் ஐயா. அவரை மன்னிச்சு விட்டுடுங்க."

"அதுக்கு மருந்து மாத்திரை எதுவும் இல்லையா?"

"மன்னிக்கிறதுதான் மருந்து. காசு செலவே கிடையாது."

செலவே கிடையாது என்ற வார்த்தையில்தான் சடையாண்டி கவிழ்ந்தார். அவர் அப்பா நெஞ்சு வலித்துத்தான் இறந்தார். அந்தப் பயமும் இருந்தது. நேராகக் கோரையன் வீட்டுக்குப் போய், மன்னித்துவிட்டேன் என்றார்.

கோரையன் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். உள்ளே ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து அந்தப் பொன்னாடையை எடுத்துவந்தான். கிடங்குச் சங்கம் கலைந்த பிறகு அது அவனிடமே இருந்தது. இருபது பேர் போர்த்தியதில் ஜரிகை கறுத்திருந்தது. அதைச் சடையாண்டியின் தோளில் போட்டு, இனி எடுக்கவே மாட்டேன் என்று பிள்ளைமேல் சத்தியம் செய்தான்.

பொன்னாடை ஆணியில் ஏறியது. வெள்ளச்சி தள்ளி நின்று பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா ஆணி தெரியலையே."

அதன்பின் ஆறு மாதம் சிநேகம். கோரையன் பஸ்ஸில் அவருக்குத் துண்டு போட்டு இடம் பிடித்தான். நடை நின்றது. தை மாதத்தில் மட்டும் பதினோரு கல்யாணம். ஒவ்வொன்றிலும் கோரையன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் இலையில் இருந்த லட்டையும் எடுத்து அவர் இலையில் வைத்தான். வேண்டாம் என்றால் அழுதுவிடுவானோ என்று பயந்து சடையாண்டி தின்றார். செல்போன் வாங்கிக் கொடுத்துக் குழுவில் சேர்த்தான். வெந்தயம் தின்றால் சர்க்கரை வராது என்று காலையில் ஒரு செய்தி வரும். வெந்தயம் தின்றால் கிட்னி போய்விடும் என்று சாயங்காலம் ஒரு செய்தி வரும். இரண்டையும் அனுப்புவது கோரையன்தான்.

பிறகு 'ஒன்றுக்கு இரண்டு' திட்டம் வந்தது. இன்றைக்கு ஓர் அடை போட்டால் நூறாம் நாள் இரண்டு அடை. நடத்தியது ஒரு நரி. நரி என்று தெரிந்துமா போட்டீர்கள் என்று பின்னால் போலீஸில் கேட்டபோது, ஆபீஸில் ஏ.சி. இருந்தது என்றான் கோரையன். அவன் கெட்டவன் இல்லை. தன் சேமிப்பு முழுவதையும் போட்டுவிட்டுத்தான் சடையாண்டியைக் கூட்டிப்போனான். கெட்டவனாக இருந்திருந்தால் இவரை மட்டும் போட வைத்திருப்பான், ஒருவராவது பிழைத்திருப்பார். பொந்தில் இருந்த ஐந்நூற்று எழுபத்தாறு அடையும் போயிற்று. தொண்ணூற்றொன்பதாம் நாள் ஆபீஸில் ஏ.சி.கூட இல்லை.

அந்த வாரமே சடையாண்டி குகை வாசலில் மயங்கி விழுந்தார். சர்க்கரை நானூறு. மூட்டில் நீர். நாரை டாக்டரின் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வார்டு குளிராக இருந்ததால் வெள்ளச்சி ஆணியில் இருந்த பொன்னாடையை எடுத்துவந்து போர்த்திவிட்டாள். டாக்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இதே போக்கில் போனால் அடுத்த முகாம்வரை தாங்கமாட்டார் என்று சொன்னார்.

படுத்துக்கொண்டு சடையாண்டி யோசித்தார். பன்னிரண்டு வருஷமாகத் தன்னை நடக்க வைத்தது எது, கல்யாணப் பந்தியில் உட்காரவிடாமல் காத்தது எது, பொந்துக்குக் காவலாக நின்றது எது என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். எல்லாம் ஒரே இடத்தில் போய் முடிந்தது. சரி, மறுபடி பகைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்.

பகை வரவில்லை. கோரையன் தினமும் மூன்று மைல் கஞ்சி தூக்கிவந்து, காலைப் பிடித்துவிட்டான். உன்னால்தான் என் பொந்து காலியானது என்று சடையாண்டி வேண்டுமென்றே நாலு பேர் முன்னால் சொன்னார். ஆமாண்ணே, என்னால்தான் என்று அவன் எல்லாருக்கும் முன்னால் அழுதான். கஞ்சியில் உப்பு இல்லை என்றார். ஓடிப்போய் உப்பு வாங்கிவந்தான்.

"இவனைப் பகைக்கவும் முடியல" என்றார் மனைவியிடம்.

"விட்டுடாதீங்க" என்றாள் வெள்ளச்சி. "முயற்சி பண்ணுங்க."

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். சடையாண்டி தடியை ஊன்றி வாசலுக்கு வந்தார். தோளில் பொன்னாடை. வழியனுப்ப டாக்டரம்மாவும் நர்ஸ்களும் வந்து நின்றார்கள். கோரையன் ஒரு குரங்கைப் படம் எடுக்கக் கூட்டிவந்திருந்தான். அண்ணன் உயிரைக் காப்பாற்றிய தெய்வம் என்று நாலு வார்த்தை பேசினான். பேசிக்கொண்டே சடையாண்டிக்குப் பின்னால் வந்தான். தோளில் இருந்த பொன்னாடை மெதுவாக நழுவியது. திரும்பிப் பார்ப்பதற்குள் அது டாக்டரம்மாவின் கழுத்தில் இருந்தது. படம் எடுத்தார்கள். கை தட்டினார்கள். டாக்டரம்மா கும்பிட்டுவிட்டு, அதோடு உள்ளே போனார்.

கோரையன் சந்தோஷமாகத் திரும்பி வந்தான். "நம்ம ரெண்டு பேர் சார்பாவும் ஒரு மரியாதை பண்ணிட்டேன்ணே. புதுசு வாங்கினா வீண் செலவு பாருங்க."

கேட்டுக்கு வெளியே யானை பஸ் நின்றது. முன் இருக்கையில் துண்டு போட்டிருந்தது. சடையாண்டி பஸ்ஸைத் தாண்டி நடந்தார். முதல் மைலில் நான்கு தடவை உட்கார்ந்தார். இரண்டாவது மைலில் ஒரு தடவை. மூன்றாவது மைலில் தடியை வெள்ளச்சியிடம் கொடுத்துவிட்டார்.

குகைக்குள் போனதும் வெள்ளச்சி மருந்துப் பையை ஆணியில் மாட்டப்போனாள்.

"அதுல ஒண்ணும் மாட்டாத" என்றார் சடையாண்டி.

நான்கு மாதத்தில் சர்க்கரை இறங்கியது. பொந்தில் மறுபடி மாதம் நான்கு அடை சேர்கிறது. செல்போனை விற்று வெள்ளச்சிக்குக் கண்ணாடி வாங்கினார்கள். கோரையன் அன்றைக்கு அதை வேண்டுமென்றே செய்தானா, கைப்பழக்கமா என்று காட்டில் இரண்டு கட்சி உண்டு. சடையாண்டி விசாரிக்கவில்லை. விசாரித்தால் காரணம் தெரிந்துவிடும். காரணம் தெரிந்தால் மன்னிக்கவேண்டி வரும். அந்தச் செலவு இனி அவருக்குத் தாங்காது.

அடுத்த முகாமுக்குத் தேக்கிலையை வீட்டிலிருந்தே கொண்டுபோனார்.

நீதி: பொந்தில் இருக்கும் சேமிப்பை நரி கொண்டுபோகும். உடம்பில் இருக்கும் ஆரோக்கியத்தை நண்பன் லட்டு வைத்துக் கெடுப்பான். ஆகவே வயதான காலத்தில் ஒரு பகையை மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.