பட்டனின் மனம் வென்ற ஐந்து ஆட்டங்கள்

உலகம் பூராவும் கோடிக்கணக்கான பேர் வீடியோ கேம் விளையாடுகிறார்கள். ஆனால் வருசக் கடைசியில், ‘இந்த வருசம் எனக்குப் பிடித்த ஆட்டங்கள் இவைதான்’ என்று சொந்தச் செலவில் போஸ்டர் அடித்து ஊர்ச்சுவரெல்லாம் ஒட்டியவன் ஒரே ஒருத்தன்தான். அந்த ஒருத்தன் குடிவந்தது என் கட்டடத்து மாடிக்கு. என் பெருமைகளில் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே பல இருக்கின்றன.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மஞ்சப்பையோடு சிம்மக்கல்லில் வந்து இறங்கி, கயிற்றுக்கடையில் மூட்டை தூக்கினேன். இன்றைக்கு அதே தெருவில் மூணு மாடிக் கட்டடம். கீழே கயிறு, தார்ப்பாய் மொத்த வியாபாரம். கம்பத்திலிருந்து வருகிற காய்கறி லாரியை நிறுத்தி மேலே மூடியிருப்பது யார் கடைச் சரக்கு என்று கேட்டுப் பாருங்கள். யாரும் என்னைக் கை தூக்கி விடவில்லை, தனியாளாக வந்தவன். இதைப் பட்டன் குடிவந்த அன்றைக்கே அவனிடம் விளக்கமாகச் சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆனது. முழுசாகக் கேட்டுவிட்டு, “சிங்கிள் பிளேயர்” என்றான். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போது அவனுக்கு நாற்பது வயசு இருக்கும். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பக்கத்துத் தெரு அச்சகத்தில் போஸ்டர் டிசைன் செய்கிற வேலை. நம்ம ஊரைப் பற்றித்தான் தெரியுமே, காதுகுத்தா போஸ்டர், கல்யாணமா போஸ்டர், கண்ணீர் அஞ்சலியா பெரிய போஸ்டர். காதுகுத்துகிற பிள்ளையின் தாய்மாமனைப் புலி மேல் உட்காரவைத்ததெல்லாம் இவன் கைதான். ரெண்டு கட்டைவிரலும் காய்த்துப் போயிருக்கும். தெருவில் நடக்கும்போதும் காற்றில் எதையோ அமுக்கிக்கொண்டே நடப்பான். அதனால் பட்டன். அவனுடைய சொந்தப் பெயர் தெரிந்தவர்கள் ரேசன் கடையில் இருந்திருக்கலாம்.

முதல் வருசம் மார்கழியில் ஒரு காலை, கடை திறக்க வருகிறேன். புதுசாக வெள்ளையடித்த என் சுவரில், ‘விளம்பரம் செய்யாதீர்’ என்று நானே எழுதவைத்த வரிக்கு நேர் மேலே, ஆள் உயரத்துக்குப் போஸ்டர். ‘மதுரையே திரும்பிப் பார்! இந்த ஆண்டு பட்டனின் மனம் வென்ற ஐவர்!’ என்று போட்டு, கீழே அஞ்சு படம். ஒருத்தன் கையில் கத்தி. ஒருத்தன் எரிகிற கார் மேல் நிற்கிறான். நடுவில் பட்டன் கை கூப்பி நிற்கிறான்.

பத்து மணிக்கெல்லாம் ஏட்டையா ஒருத்தர் கடைக்கு வந்துவிட்டார்.

“முதலாளி, இந்த அஞ்சு பேரும் எந்த வார்டு?”

“எனக்கென்ன சார் தெரியும்? ஒட்டுனவன் மாடியில இருக்கான்.”

பட்டனைக் கூப்பிட்டேன். வந்து நின்றான்.

“யாருய்யா இவங்கெல்லாம்? எங்க ஸ்டேசன் லிஸ்ட்ல இந்த மூஞ்சிகளே இல்லையே?”

“உள்ளூர் இல்ல சார். ரெண்டு பேரு ஜப்பான், ஒருத்தர் போலந்து.”

“வெளிநாட்டு ஆளுகளா! எந்த லாட்ஜ்ல தங்கியிருக்காங்க?”

“என் ரூம்லதான் சார் இருக்காங்க.”

ஏட்டையா லத்தியைப் பிடித்துக்கொண்டு மாடியேறினார். ஒன்றரை மணி நேரம் கழித்து இறங்கி வந்தார். முகமெல்லாம் வேர்வை.

“பிரச்சனை ஒண்ணும் இல்ல முதலாளி,” என்றார். “கார் ரேஸ்ல மூணாவதா வந்தேன்.”

அதற்குப் பிறகு அவர் வாராவாரம் விசாரணைக்கு வர ஆரம்பித்தார்.

ரெண்டாவது வருசம் பட்டனுக்கு வேறு யோசனை வந்துவிட்டது. “அண்ணே, ஜல்லிக்கட்டுல செயிச்ச மாட்டுக்கு பீரோ குடுக்குறோம், சைக்கிள் குடுக்குறோம். செயிச்ச ஆட்டத்துக்கு ஒண்ணும் குடுக்கலன்னா நல்லாவா இருக்கு?” என்று கேட்டு, ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா வாங்கிவந்தான். அதில் ஆட்டத்தின் பெயரையும் ‘முதல் பரிசு’ என்றும் வெட்டியிருந்தான். விழாத் தலைமை நான்தான், வேறு யார்? ஆட்டத்தை உண்டாக்கின கம்பெனி கனடாவில் இருந்ததால், அவர்கள் சார்பில் எதிர்த்த டீக்கடைக்காரர் மேடையேறிப் பெற்றுக்கொண்டார். மேடை என்பது என் கடை வாசலில் அடுக்கியிருந்த தார்ப்பாய்க் கட்டு. இன்றைக்கும் அந்த அண்டாவில்தான் அவர் பால் காய்ச்சுகிறார். புது ஆள் யாராவது பார்த்தால், “கனடாக்காரங்க குடுத்தது” என்பார்.

மூணாவது வருசத்தை மறக்கவே முடியாது. அந்த வருசம் முதலிடம் வந்தது ஒரு ஜப்பான் நாட்டுக் கத்திக்காரன் ஆட்டம். கொண்டை போட்டு, வாள் ஏந்தி, குதிரையில் வருகிறான். பட்டன் அவனை நம்ம ஊர் முறைப்படி பின்னால் சூரியன் உதிக்க, ரெண்டு பக்கமும் சிங்கம் நிற்க, ஒரு பெரிய பிளக்ஸாகவே போட்டுவிட்டான். மதியம் ஆட்டோ ஸ்டாண்டுத் தலைவர் பட்டனை ஓரமாகக் கூப்பிட்டார்.

“மாப்ள, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? மன்னருக்குப் பிறந்த நாளா, நினைவு நாளா?”

“ரெண்டும் இல்லண்ணே. ரிலீஸ் நாள்.”

“ஓ, செயில்ல இருந்து வெளிய வந்த நாளா!” என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சாயங்காலம் பிளக்ஸுக்கு ரோசாப்பூ மாலை. அடுத்த ஸ்டாண்டுக்காரர்கள் விடுவார்களா? இன்னும் பெரிய மாலை. ஒரு அண்டா சர்க்கரைப் பொங்கல் வந்தது, கனடாக்காரர்களின் அண்டாவேதான். நானும் ரெண்டு தேங்காய் உடைத்தேன். அடுத்த வருசமும் அதே நாளில் வந்து, “மன்னருக்கு இந்த வருசம் ஒண்ணும் எடுக்கலையா?” என்று கேட்டார்கள்.

விவசாய ஆட்டம் ஒன்று வந்த வருசம் பட்டன் தினமும் என்னிடம் ஆலோசனை கேட்பான். “அண்ணே, பரங்கி எப்ப ஊனணும்?” என்றான். நான் சம்சாரி வீட்டில் பிறந்தவன், இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஆடியில் ஊன்றச் சொன்னேன். அம்புட்டும் பட்டுப்போய்விட்டது. அந்த ஆட்டத்தில் பனி கொட்டுகிற ஊராம். “அங்க ஆடியே வராதுண்ணே,” என்று வருத்தமாகச் சொன்னான். ஆடி வராத ஊரில் எவன் குடியிருக்கிறான் என்று நான் சத்தம் போட்டேன். அந்த ஆட்டத்துக்கு நாலாவது இடம்தான் கிடைத்தது. என்னால்தான் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டனின் பட்டியலில் சிபாரிசு செல்லாது. அச்சக முதலாளி தன் மகன் விரும்புகிற ஆட்டத்தைச் சேர்க்கச் சொல்லிப் பார்த்தார். ஏட்டையா கார் ரேசுக்காக மன்றாடினார். நடக்கவில்லை. அவனுடைய ஒரே சட்டம் இது: முழுசாக முடிக்காத ஆட்டம் பட்டியலில் ஏறாது. “பாதி சாப்பிட்டுட்டு சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னு சொல்லக் கூடாதுண்ணே. மோருச் சோறு வரைக்கும் போகணும்.” பன்னிரண்டு வருசம் இந்தச் சட்டம் தவறியதில்லை. காய்ச்சலில் படுத்த வருசம்கூட, ஒரு கையில் கஞ்சியும் ஒரு கையில் கன்ட்ரோலருமாக அஞ்சாவது ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் ஊசி போடப் போனான்.

போன வருசம் ஐப்பசியில் என் மகன் வந்தான். அவன் படித்தவன், நான் படிக்கவைத்தவன். “அப்பா, மாடி ரூம் வேணும். கண்ணாடி போட்டு ஆபீஸ் வைக்கப் போறேன். அந்த ஆளைக் காலி பண்ணச் சொல்லுங்க” என்றான். நியாயமான பேச்சு. கட்டடம் நம்முடையது. மாடியேறிப் போய்ச் சொன்னேன்.

பட்டன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. “சரிண்ணே” என்றான். எனக்கு அதுதான் கொஞ்சம் உறுத்தியது. எதிர்த்துப் பேசுகிறவனைக் கிளப்புவது சுலபம்.

“ஆனா ஒண்ணுண்ணே, ஒரு ஆட்டம் பாக்கி இருக்கு. இந்த வருசம் அதுதான் மொதல்ல வரணும். அதை முடிச்சாத்தான் போஸ்டர். முடிச்ச அன்னைக்கே பெட்டியக் கட்டிர்றேன்.”

“முடிக்க வேண்டியதுதான? என்னத்துக்கு வச்சிருக்க?”

“ரெண்டு பேர் சேந்து விளையாடுற ஆட்டம்ணே. தனியா விளையாட முடியாது. ஆடி மாசம் வாங்குனேன். ஆள் கிடைக்கல.”

அட்டையைக் காட்டினான். ரெண்டு பேர் இடுப்போடு இடுப்பு ஒரே கயிற்றால் கட்டிக்கொண்டு மலை ஏறுகிற படம்.

“உன் சேக்காளிகெல்லாம் எங்க?”

“ஒருத்தன் துபாய் போயிட்டான். ஒருத்தனுக்குக் கல்யாணம் ஆயிருச்சு. ஏட்டையாவ திருமங்கலத்துக்கு மாத்திட்டாங்க.”

அவன் படுக்கைக்கு எதிரே ரெண்டாவது கன்ட்ரோலர் பாலித்தீன் கவர்கூடப் பிரிக்காமல் இருந்தது.

“நானே வாரேன்,” என்றேன். “ஞாயித்துக்கிழமை கடை லீவு. ஒரே நாள்ல முடிச்சுத் தாரேன்.”

ஒரே நாளில் நான் எழுபத்தி மூணு தடவை செத்தேன். என்னோடு சேர்ந்து பட்டனும் எழுபத்தி மூணு தடவை செத்தான். ஆட்டத்தின் அமைப்பு அப்படி.

“அண்ணே, தனியா ஓடாதீங்க! நான் இன்னும் ஏறல!”

“முன்னால போறவன்தாண்டா முதலாளி ஆவான்!”

“இங்க முன்னால போறவன் என்னையும் இழுத்துக்கிட்டுப் பள்ளத்துல விழுகுறான்ணே!”

கதவு ஒன்று வரும். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு விசையை இழுத்தால்தான் திறக்கும். மூணு எண்ணி இழுக்கலாம் என்பான். நான் ரெண்டிலேயே இழுத்துவிடுவேன். சிம்மக்கல்லில் நான் முன்னுக்கு வந்ததே ரெண்டில் இழுத்துத்தான். அந்தப் பாழாய்ப்போன கதவுக்கு அது தெரியவில்லை. அந்த ஒரு கதவுக்கு மூணு ஞாயிற்றுக்கிழமை ஆனது. நாலாவது வாரம் அவனைத் திரும்பிப் பார்த்தேன், அவன் தலையாட்டினான், சேர்ந்து இழுத்தோம், திறந்தது. நான் எழுந்து நின்று கத்தின கத்தலில் கீழே டீக்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று மேலே ஓடிவந்துவிட்டார்.

கயிற்றைப் பற்றியும் எனக்கு ஆட்சேபம் இருந்தது. “இது என்ன சரக்கு? முறுக்கே சரியில்ல. நம்ம பன்னெண்டு எம்.எம். நைலானா இருந்தா இந்த மலைக்கு அந்தப் பக்கமே போயிருக்கலாம்.”

“கம்பெனிக்கு எழுதிப் போடுறேன்ணே” என்றான். சொன்னபடியே எழுதிப் போட்டுமிருக்கிறான். என் கடை விசிட்டிங் கார்டையும் வைத்து.

கார்த்திகை பாதியில் கடைசிப் பள்ளத்துக்கு வந்துவிட்டோம். பட்டன் மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் ஊஞ்சல் மாதிரி ஆடி, முக்கோணப் பட்டனை அமுக்கி எதிர்ப்பாறைக்குத் தாவ வேண்டும். பிறகு அவன் அதே கயிற்றைப் பிடித்து வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. முதல் ரெண்டு வாரம் நிசமாகவே விழுந்தேன். மூணாவது வாரத்திலிருந்து நடந்ததை உங்களிடம் சொல்லலாம், என் மகன் இந்தப் பத்திரிகை படிப்பதில்லை. முக்கோணத்தை அமுக்க வேண்டிய இடத்தில் வட்டத்தை அமுக்கினேன்.

“அண்ணே, முக்கோணம்.”

“தெரியும்டா. வயசாச்சுல்ல, கண்ணு தெரியல.”

இருபதடி தூரத்தில் நிற்கிற கயிறு ஒன்பது எம்.எம்.மா, பத்து எம்.எம்.மா என்று கண்ணாலேயே சொல்கிறவன் நான். அவன் மறுபடி மேலே போய் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

வருசம் முடிந்தது. போஸ்டர் வந்தது. ரெண்டு முதல் அஞ்சு வரை படம் இருந்தது. முதலிடத்தில் வெறும் வெள்ளைக் கட்டம். அடியில், ‘ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது’ என்று சின்ன எழுத்து. பன்னிரண்டு வருசத்தில் முதல் தடவையாகப் பட்டியல் நிறையவில்லை. அச்சகத்தில் கேலி பேசினார்களாம். ஆட்டோ ஸ்டாண்டுத் தலைவர் என் கடைக்கே வந்து, “பட்டனுக்கு உடம்பு சரியில்லையா முதலாளி?” என்று விசாரித்தார். எனக்குக் குற்ற உணர்ச்சியாகத்தான் இருந்தது. அவனுக்கு அந்தப் பட்டியல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? என் கடைப் பலகையில் ஒரு எழுத்து உதிர்ந்தால் எனக்கு எப்படி இருக்கும், அப்படி.

தை பிறந்து மகன் கேட்டான். “என்னப்பா, இன்னும் காலி பண்ணலையா?”

“ஆட்டம் முடியலப்பா.”

“உங்களுக்கு என்னப்பா ஆட்டம் இந்த வயசுல?”

“பேசுனா பேசுனதுதான். முடிஞ்ச அன்னைக்குத்தான் காலி. நான் வாக்கு மாறுனவனா?”

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அது நடந்தது. கயிற்றில் ஆடிக்கொண்டிருக்கிறேன். வட்டத்தில் விரல் தயாராக இருக்கிறது. அந்த நேரம் பார்த்துப் பெரிய தும்மல் ஒன்று வந்தது. விரல் எகிறி முக்கோணத்தில் விழுந்தது. என் ஆள் பள்ளத்தைத் தாண்டிப் பறந்து, எதிர்ப்பாறையில் ரெண்டு காலையும் ஊன்றி நின்றுவிட்டான். டிவியில் இதுவரை கேட்காத மேளச் சத்தமெல்லாம் கேட்க ஆரம்பித்தது.

மெதுவாகத் திரும்பிப் பட்டனைப் பார்த்தேன். இனி அவன் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. அமுக்கியிருக்கிற பட்டனை அப்படியே அமுக்கிக்கொண்டு வந்தால் போதும். பத்து நொடி. வெள்ளைக் கட்டம் நிறைந்துவிடும்.

பட்டன் டிவியைப் பார்த்தான். விரலை எடுத்துவிட்டான்.

அவன் ஆள் பள்ளத்தில் விழ, கயிறு இழுத்து என் ஆளும் பின்னாலேயே விழுந்தான். எழுபத்தி மூணு எல்லாம் எப்போதோ தாண்டியாகிவிட்டது.

“கை வழுக்கிருச்சுண்ணே,” என்றான். “வேர்வை.”

தை மாசம். தலைக்கு மேலே ஃபேன் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“அதனால என்ன,” என்றேன். “அடுத்த ஞாயிறு பாத்துக்குவோம்.”

கீழே இறங்கி வந்தேன். ஆபீசுக்கென்று மகன் வாங்கிவைத்த கண்ணாடிகள் குடோனில் சாத்தியிருந்தன. தூசி படிந்தால் வீணாகிவிடுமே என்று, இருக்கிறதிலேயே கனமான தார்ப்பாயாகப் பார்த்து எடுத்து, நாலு பக்கமும் இழுத்து மூடிக் கட்டினேன். நம்ம கடைச் சரக்கு. பத்து வருசத்துக்குக் கவலை இல்லை.