பேச்சியம்மாள் படமும் என் ராகு கால ஸ்கேனும்

எனக்குப் பொறுமை கிடையாது. இட்லி வேகும் முன்பே மூடியைத் திறந்து பார்க்கிற ரகம் நான். (எங்கள் வீட்டு இட்லி பல நாள் களியாக இறங்கியதற்கு மாவைத் திட்டுவார்கள். நானும் சேர்ந்து மாவைத்தான் திட்டுவேன்.) இப்படிப்பட்ட ஒருத்தியிடம் மெதுவாக ஓடும் கம்ப்யூட்டரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சாவு வீடே சாட்சி.

2007 வாக்கில் ஆனையூரில் ஒரு பிளக்ஸ் கடையில் டிசைனராக இருந்தேன். வயது இருபத்திரண்டு. கையில் மூன்று மாத டிடிபி சான்றிதழ், தலையில் மூன்று ஆளுக்கான திமிர். எங்கள் ஊரில் காதுகுத்தோ கல்யாணமோ கருமாதியோ, தெருமுனையில் முகம் தெரியாவிட்டால் நடந்ததாகவே கணக்கில்லை. அந்த முகங்களை வெட்டி ஒட்டுவதுதான் என் பிழைப்பு. ஆனால் பத்தடி பேனர் ஒன்றைக் கம்ப்யூட்டரில் திறக்கச் சொல்லிவிட்டு ஓனர் பாஸ்கர் அண்ணன் டீ குடித்துத் திரும்பி வந்தாலும் அது பாதிதான் திறந்திருக்கும்.

காரணம் ஆன்டிவைரஸ். எந்த ஃபைலைத் தொட்டாலும் அது குறுக்கே வந்து நிற்கும். கல்யாண மண்டபத்து வாசலில் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொருத்தரையும் “நீங்க பொண்ணு வீடா, மாப்ள வீடா?” என்று கேட்டுத்தான் உள்ளே விடுவேன் என்கிற ஆள் மாதிரி.

ஒரு திங்கட்கிழமை எனக்குக் கோபம் வந்து செட்டிங்ஸுக்குள் புகுந்தேன். ஃபைலைத் திறக்கும்போதே சோதிக்கும் காவலை நிறுத்தினேன். பென்டிரைவ் செருகினால் சோதிப்பதையும் நிறுத்தினேன். வைரஸ் கிடைத்தால் என்ன செய்யட்டும் என்று ஒரு பெட்டி அடிக்கடி வந்து கேட்டுக்கொண்டே இருக்கும். ‘என்னைக் கேட்காதே, அழித்துவிடு’ என்று போட்டேன். மிச்சம் இருந்தது, மொத்தக் கம்ப்யூட்டரையும் ஒருமுறை அலசும் பெரிய ஸ்கேன். யாரும் வேலை செய்யாத நேரமாகப் பார்த்து அதை வைக்க வேண்டும். எங்கள் கடையில் அது எந்த நேரம்? ராகு காலம்!

பாஸ்கர் அண்ணன் ராகு காலத்தில் புது வேலை எதையும் தொடங்க விடமாட்டார். மவுஸ் மேல் கை வைத்தாலே “பொறும்மா தேவி, இன்னும் இருவது நிமிசம் இருக்கு” என்பார். நான் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் கிழமைவாரியாகப் பார்த்து, ஒவ்வொரு நாளின் ராகு காலத்துக்கும் ஸ்கேனைப் பொருத்தினேன். (திங்கள் ஏழரைக்குக் கடையே திறக்காது. அன்றைக்கு வைரஸுக்கு வார விடுமுறை.) கம்ப்யூட்டர் பறந்தது. “பரவால்லயே! இம்புட்டு நாளா ஏம்மா செய்யல?” என்றார் அண்ணன். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

வியாழன் சாயங்காலம் வீரணன் என்பவர் வந்தார். அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். ஐம்பது வயதிருக்கும், மொட்டையடித்த தலை. அவருடைய அம்மா பேச்சியம்மாள் இறந்து, ஞாயிற்றுக்கிழமை கருமாதி. கைக்குட்டையில் முடிந்திருந்த பென்டிரைவை அவிழ்த்து மேசையில் வைத்தார்.

“ஒரே ஒரு படந்தாம்மா இருக்கு. எந்தங்கச்சி மகன் சிங்கப்பூர்லருந்து வந்தப்ப எடுத்தது. அவன் காமிராவுல இப்ப இல்லையாம். இதுல மட்டுந்தான். பாத்தும்மா.”

திறந்து பார்த்தேன். மாட்டுக்கொட்டகை ஓரம் ஒரு கிழவி. “வேணாம்டா” என்று கையை உயர்த்துகிறாள், அதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டு வந்துவிட்டது. பார்த்த எனக்கே சிரிப்பு வந்தது. பின்னால் நின்ற வீரணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள ரெடியாயிரும்ணே. என்னைய நம்புங்க” என்றேன். நம்பிப் போனார். படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பென்டிரைவை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்கியது. ஸ்கேனும் ஓடத் தொடங்கியது. பன்னிரண்டு மணிக்கு வந்து பார்த்தால், வைரஸ்கள் பிடிபட்டன, எல்லாம் அழிக்கப்பட்டன என்று திரை சொன்னது. என்னை நானே மெச்சிக்கொண்டு ஃபோல்டரைத் திறக்கப் போனேன். ஃபோல்டர் இல்லை. பேச்சியம்மாள் இல்லை. காதுகுத்து, கல்யாணம் ஒன்றும் இல்லை. டிரைவ் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பென்டிரைவைத் திறந்தேன். அதுவும் காலி.

மற்றவர்கள் வேறு படம் கொண்டுவந்து தருவார்கள். இந்த மனுசன் எதைக் கொண்டுவருவார்?

அண்ணனிடம் சொல்லவில்லை. தலைவலி என்று பொய் சொல்லி, கடையின் டிஜிட்டல் கேமராவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சாவு வீட்டில் வேறு ஏதாவது படம் இல்லாமலா போகும், ‘இதைவிடத் தெளிவா ஒண்ணு இருக்கா’ என்று நைசாகக் கேட்டு எடுத்துவந்துவிடலாம் என்பது திட்டம். பஸ்ஸிலேயே கண்ணீர் வரத் தொடங்கிவிட்டது. ஊரில் இறங்கியதும், வழி கேட்கும் முன்னே ஒருவர் “எழவு வீட்டுக்குத்தானம்மா? அந்தா, பந்தல் தெரியுது பாரு” என்றார்.

பந்தலுக்குள் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்தார், எழுந்தார், இரண்டு கையையும் விரித்தார். அவர்தான் வீரணனின் தங்கச்சி பஞ்சவர்ணம். துக்கம் கேட்க வருகிற பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுவது எங்கள் பக்கத்து முறை. தாயைப் பறிகொடுத்தவள் கையை விரித்து நிற்கும்போது ‘நான் அதுக்கு வரலீங்க’ என்று எந்த வாயால் சொல்வது? போய் விழுந்தேன்.

“என்னயப் பெத்த ஆத்தா! ஒம் மொகத்த இனி எங்க போயிப் பாப்பேன்!” என்று என் தோளில் அவர் கதறினார்.

அந்த முகத்தை இனி எங்கே போய்ப் பார்ப்பது என்பதுதான் என் பிரச்சினையும். நான் ஓவென்று கத்தி அழுதேன். என் சொந்தக்காரர் சாவில்கூட நான் அப்படி அழுததில்லை. கடைசியில் பஞ்சவர்ணம் அழுகையை நிறுத்திவிட்டு என்னைத் தேற்றத் தொடங்கினார். இரண்டு பேர் சேர்ந்து என்னைப் பிரித்து உட்கார வைத்தார்கள். வீரணனின் மனைவி ராசாத்தி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

“போதும் தாயி. ஆண்டு அனுபவிச்சுப் போன உசுருதான?” என்றார் ஒரு பெரியம்மா. “ஆமா, நீ பேச்சிக்கு என்ன வேணும்?”

“நான்… பிளக்ஸ் கடையிலருந்து வாரேன்.”

பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பிளக்ஸ் கடைக்காரி எதுக்குடி இம்புட்டு அழுகுற?”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். ஆன்டிவைரஸ், செட்டிங்ஸ், ராகு காலம். அவர்களுக்கு அதில் ஒன்றுதான் புரிந்தது: படம் போய்விட்டது. வாசலில் நின்ற வீரணன் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒருத்தரும் திட்டவில்லை. நாலு வசவு வைதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பஞ்சவர்ணம் உள்ளே போய் வீரணனின் கல்யாண ஆல்பத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினார். “இந்தா, இந்தத் தூணுக்குப் பின்னாடி தெரியுற சேலை எங்காத்தா. இந்தக் காது எங்காத்தா. இந்த முழங்கை.” ஆல்பம் முழுக்கத் தேடியும் முகம் இல்லை. நான் காதையும் முழங்கையையும் படமெடுத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ராசாத்தி டீயை நீட்டி, “அழுதா படம் வந்துருமா? குடி” என்றார். அந்தப் பந்தலில் கண்ணில் ஈரமில்லாமல் இருந்தவர் அவர் ஒருத்தர்தான். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் டீ போட்டவரும் அவர்தான்.

மறுநாள் காலை கடை திறந்ததும் பாஸ்கர் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கத்திய கத்தலில் பக்கத்து சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்தபடி காதையும் முழங்கையையும் கம்ப்யூட்டரில் ஏற்ற முயன்றேன். டிரைவில் இடமில்லை என்று செய்தி வந்தது. எரிச்சலில், “காலியா கெடக்கு, எடமில்லைங்குது பாருங்கண்ணே” என்றேன்.

அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அதற்கு முன்னால் அரிசி மண்டி வைத்திருந்தவர். கத்துவதை நிறுத்திவிட்டு, “காலிச் சாக்கு எப்படிம்மா கனக்கும்?” என்றார்.

கனக்கிறது என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லும் இடத்துக்குப் போய் ஒவ்வொன்றாகத் தட்டினேன். மங்கலாக, புகை படிந்த மாதிரி, எல்லா ஃபோல்டர்களும் வந்து நின்றன. நடந்தது இதுதான்: நான் காவலை எடுத்த பிறகு யாருடைய பென்டிரைவிலோ வந்த வைரஸ், அசல் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் போலிகளை வைத்திருந்தது. என் ராகு கால ஸ்கேன் போலிகளை அழித்தது. அசல்கள் மறைந்தபடியே கிடந்தன. திறந்தேன். மாட்டுக்கொட்டகை, உயர்த்திய கை, சிரிப்பு. அண்ணன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் முக்கத் தொடங்கியது. மணி ஒன்பது. சனிக்கிழமை ராகு காலம், நான் வைத்த ஸ்கேன் சொன்ன சொல் தவறாமல் வந்துவிட்டது. அதை நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்தேன்.

“கருமாதி வேலைக்கு ராகு காலமெல்லாம் கெடையாது. போடும்மா” என்றார்.

போட்டேன். வேலையை முடித்த கையோடு வீரணன் நம்பருக்குப் போன் செய்தேன். எடுத்தது பஞ்சவர்ணம்.

“படம் போகலக்கா. கம்ப்யூட்டருக்குள்ளயே ஒளிஞ்சிருந்துச்சு.”

“அவ அப்புடித்தான்” என்றார். “போட்டோன்னாலே ஒளிஞ்சுக்குவா.” சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. நானும் அழுதேன். இந்த முறை யாருக்கும் பயந்து அழவில்லை.

பேனரில் போட்ட படத்தை அவர்கள் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார்கள். என்னைச் சொந்தத்தில் சேர்த்துக்கொண்டார்கள். என் கல்யாணத்துக்கு வேன் வைத்து வந்தார்கள். நான் டிவி பார்த்துக் கண் கலங்கினால் என் கணவர் இன்றைக்கும், “பிளக்ஸ் எத்தனைக்கு எத்தனை?” என்று கேட்பார். இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது.

ஆனால் என் அழுகைக்கு வேறொருத்தர் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. வீரணன் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது ராசாத்தி அக்கா என் கையைப் பிடித்து ஒரு ஓரமாக இழுத்துப் போனார். தலை நரைத்திருந்தது.

“ஒனக்குக் கோடிப் புண்ணியமாப் போகும், ஒண்ணு கேக்குறேன். எம் மாமியா படத்தப் பாக்குற நேரமெல்லாம் எங்க நாத்துனா என்னயத்தான் பிடிபிடின்னு பிடிக்குறா. ‘படம் போச்சுன்னதுக்கே அந்தப் புள்ள அம்புட்டு அழுதாளே, ஆத்தாளே போயி நீ எம்புட்டு அழுத மதினி’ங்குறா. டீ போட்டே அன்னிக்குப் பூராம் எங்கை வெந்து போச்சு, எனக்கு அழ எங்க நேரம்? இன்னிக்கு எம் மக கழுத்துல தாலி ஏறப்போகுது. நான் மொதல்ல அழுதுக்கிறேன். அதுவரைக்கும் நீ கொஞ்சம் பொறுத்துக்க தாயி.”