பின் சக்கரத்தில் காலிப்பரைக் காணோம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம், என் முதுகு மட்டும் நலமில்லை. அங்கே நீங்களும் மகளும் முதுகு உட்பட நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்களுக்கு வயதாகிவிட்டது, காரை விற்றுவிடலாம் என்று போன மாதம் சொன்னீர்கள். நான் காரை வீட்டு கேட்டில் இடித்த நாளிலிருந்து உங்கள் அத்தையும் என் பக்கத்தில் உட்காருவதில்லை, எங்கே போனாலும் பஸ்தான். பிரேக் பளிச்சென்று இருந்தால் அவளுக்கு ஒரு நம்பிக்கை வருமே என்று, சக்கரத்துக்குள்ளே டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற அந்தக் காலிப்பருக்குச் சிவப்பு பெயின்ட் அடிக்கக் கிளம்பினேன். வீடியோவில் ஒரு தம்பி இருபதே நிமிஷத்தில் முடித்துவிட்டார். எனக்கு முதல் நட்டு கழலவே ஒரு மணி நேரம். அப்புறம் கம்பி பிரஷ்ஷால தேய் தேய்னு தேய்ச்சு, டேப் ஒட்டி, பெயின்ட் அடிச்சா, டிஸ்க் சிவப்பு, தரை சிவப்பு, என் மூக்குக் கண்ணாடியும் சிவப்பு. சீக்கிரம் காயட்டும்னு அத்தையோட ஹேர் டிரையரைப் பிடிச்சேன், அது புகைஞ்சு போச்சு. தொலையட்டும்னு பின் சக்கரத்தைக் கழட்டினா, மாப்பிள்ளை, அங்க காலிப்பரையே காணோம்! ரெண்டு பக்கமும் இல்லை. இரும்புச் சட்டி மாதிரி ஏதோ ஒண்ணைக் கவுத்து வச்சிருக்கு. பன்னிரண்டு வருஷமா சர்வீஸ் பண்ற மெக்கானிக்தான் கழட்டி வித்திருக்கணும்னு எனக்கு ரத்தம் கொதிச்சுது. நேரா ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தே போய், நாலு பேர் முன்னாடி, "திருட்டுப் பயலே, என் காலிப்பர் எங்கடா?"ன்னு சட்டையைப் பிடிச்சுட்டேன். அவன் கோபப்படவே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கலை. "சார், உங்க வண்டிக்குப் பின்னாடி டிரம் பிரேக். அந்தச் சட்டிக்குள்ளதான் பிரேக்கே இருக்கு. வண்டி வாங்கும்போதே பின்னாடி காலிப்பர் கிடையாது"ன்னான். சுத்தி நின்னவங்க சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கேக்குது. அப்புறம் அவனே வீட்டுக்கு வந்து, டிஸ்க்கைத் துடைச்சு, பிரேக்கைச் சரிபார்த்து, சக்கரத்தை எல்லாம் மாட்டி, மேலே பிளாஸ்டிக் மூடியைப் போட்டான். மூடியைப் போட்டதும் சிவப்பு ஒரு துளிகூட வெளியே தெரியலை.

முடியலை மாப்பிள்ளை. தன் வண்டிக்கு என்ன பிரேக்குன்னே தெரியாதவன் எதுக்கு ஓட்டணும்? எழுதும்போதே அழுகை வருது. ஞாயிற்றுக்கிழமை வந்து சாவியை வாங்கிக்குங்க.

தாங்கள் இருவரும் எல்லா நலனும் பெற்று, எதையும் கழற்றும் ஆசை வராமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

மாமனார்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். கவரை ஒட்டும்போது உங்கள் அத்தை சாவியோடு வந்து நின்றாள். "ரெண்டு நாளா தரையில உருண்டது எனக்காகத்தானே? எடுங்க வண்டியை, ஒரு சுத்து போயிட்டு வரலாம்"னா. போயிட்டு வந்துட்டோம். வழியெல்லாம் அவளும் தன் பங்குக்குக் காலால பிரேக் போட்டுக்கிட்டேதான் வந்தா. இறங்கும்போது, "நாளையிலேருந்து எனக்கு பஸ் வேண்டாம்"னு மட்டும் சொன்னா. இவ்வளவு எழுதினது வீணாகக் கூடாதேன்னுதான் இந்தக் கடிதத்தை அனுப்புறேன். சாவியைத் தர முடியாது.