சிவப்புப் பென்சில் தேசபக்தர்

சுயராஜ்யம் வந்தபின் நம் நாட்டில் புதிதாகத் தோன்றிய ஜீவராசிகளில் 'கொள்முதல் தேசபக்தர்' ஒருவர். இவர் கொடி பிடித்தவர் அல்லர். சிறைக்குப் போனவரும் அல்லர். மற்றவர்கள் போய்க்கொண்டிருந்த காலத்தில் இவர் நேரந்தவறாமல் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார். இவருடைய தேசபக்தி முழுவதும் சர்க்கார் பணத்தில் வாங்கும் சாமான்கள் மீதுதான். ஒரு குண்டூசி வேண்டுமென்றாலும் அது பாரத பூமியில் பிறந்த குண்டூசியா என்று விசாரிப்பார். காகிதத்தில் குத்தினால் வளைகிறதா? வளையட்டும். நம் குண்டூசி அல்லவா, பணிவு இருக்கும்.

இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கரமனையில் குடையும் டிபன் பாத்திரமுமாகக் காலை பஸ் ஏறுகிற வெங்கடசுப்ரமணியன்தான். சர்க்கார் கொள்முதல் ஆபீசில் சூபரிண்டெண்டு. திருவாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்ஜியமான புதிது. உள்நாட்டில் கிடைப்பதை உள்நாட்டிலேயே வாங்கவேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. போதாதற்கு, வெள்ளைக்காரன் பவுனின் மதிப்பைக் குறைக்க, நாமும் ரூபாயைக் குறைக்க, பாகிஸ்தான் மட்டும் குறைக்கமாட்டேன் என்று முறுக்கிக்கொள்ள, சணலும் பஞ்சும் எல்லையிலேயே நின்றுவிட்டன. இந்தத் தகராறில் டில்லிக்கு அடுத்தபடியாகத் தூக்கம் கெட்டவர் கரமனையில் இவர் ஒருவர்தான்.

சர்க்காருக்குச் சரக்கு விற்கிற வியாபாரி ஒவ்வொரு சாமானுக்கும் நேரே அது பிறந்த ஊரை எழுதவேண்டும் என்பது இவர் செய்த ஏற்பாடு. அந்நிய ஊர் கண்ணில் பட்டதும் சிவப்புப் பென்சில் பாயும்.

"சாமானைப் பார்க்காதேயும், ஓய். பார்த்தா மனசு இளகிப்போகும். ஊரை மாத்திரம் பாரும், வெட்டும்!" என்று குமாஸ்தாக்களுக்கு உபதேசம் வேறு.

வீட்டில்? வீட்டில் வாலாம்பாள் இருந்தாள்.

"ஏன்னா, கையிலே கட்டிண்டிருக்கேளே, அந்த வாட்ச் எந்த ஊர்?"

"வாட்ச் ஸ்விஸ். தோல் வார் நம்ம சாலைக் கடைத்தெருவிலே தச்சதாக்கும். எங்கே, வார் இல்லாமே இதைக் கட்டிண்டு காமி, பார்ப்போம்."

"அப்போ ஸ்டவ்? அது ஸ்வீடன்னு எழுதியிருக்கே?"

"பத்தவைக்கறது யாரு? நீ. நீ எந்த ஊர்? கல்லிடைக்குறிச்சி. அப்புறம் என்ன?"

இப்படி நியாயம் பேசியே வீட்டிலிருந்த அந்நியப் பொருள்களுக்கெல்லாம் குடியுரிமை வழங்கிவிட்டார்.

அடுத்த மாதம் அவருக்கு ஐம்பத்தைந்து முடிகிறது, பென்ஷன். இன்னும் ஒரு வருஷம் உத்தியோகத்தை நீட்டித்துக் கொடுத்தால், நாட்டுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. உத்தரவு எப்படி நடக்கிறது என்று பார்க்க டில்லியிலிருந்து ஸ்ரீனிவாசன் என்கிற பெரிய அதிகாரி வருகிறார். அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வந்தால் போதும். அந்த வாய்க்கோ ஒரே ஆசை. தஞ்சாவூர்க்காரர், டில்லியில் பத்து வருஷம் காய்ந்தவர். "நல்ல ரசம் கிடைக்குமா?" என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்.

அரசாங்க விருந்தினர் விடுதியில் இலை போட்டாயிற்று. சாம்பாரை ஒதுக்கிவிட்டு ரசத்தை முதலில் விடச் சொன்னார் ஸ்ரீனிவாசன். ஒரு வாய் உறிஞ்சினார். முகம் போன போக்கு!

"இதென்ன ஓய், மிளகு போட்ட வெந்நீரா?"

வெங்கடசுப்ரமணியனும் உறிஞ்சினார். உறிஞ்சியதும் துள்ளினார். "ராமசுப்ரமணியம்! ரசத்திலே பெருங்காயம் எங்கே ஓய்?"

சமையல் ராமசுப்ரமணியம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நீங்கதானே வெட்டினேள், சாரே."

"நானா?"

"பழவங்காடிக் கடைக்காரர் பகவதிப்பெருமாள் பிள்ளை சத்தியவான். பெருங்காயத்துக்கு நேரே 'காபூல்'னு எழுதிட்டார். நீங்க குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. சர்க்கார் அடுக்களையாக்கும், நானா வாங்கிப் போட்டா என் ஜோலியன்னா போகும்!"

ஐம்பத்தைந்து வருஷமாகத் தின்ற பெருங்காயம் தென்காசிப் பக்கம் எங்கோ விளைகிறது என்று நினைத்திருந்தார் மனிதர். நினைக்கக்கூட இல்லை என்பதுதான் நிஜம். நம்மில் யார்தான் நினைத்திருக்கிறோம்?

பியூன் சைக்கிளில் கரமனைக்கு, அவர் வீட்டுக்குப் பறந்தான். திரும்பி வந்தவன் கையில் ஒரு பெருங்காய டப்பியும், வாயில் ஒரு செய்தியும் இருந்தன: "விருந்தாளிக்கு மட்டும் போடணுமாம், சார். வெட்டினவருக்கு வேண்டாம்னு அம்மா சொன்னா."

ரசம் மறுபடி கொதித்தது. மணம் கூடத்தை நிறைத்தது. ஸ்ரீனிவாசன் கண்ணை மூடிக்கொண்டு டம்ளர் டம்ளராகக் குடித்தார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"எல்லாம் சரி ஓய். இதுவும் காபூல்தானே? உத்தரவு என்ன ஆச்சு?"

வெங்கடசுப்ரமணியன் கண்ணெதிரே ஒரு வருஷ உத்தியோகம் ரசத்தில் மிதந்தது. நேரம் போனால் போதுமென்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வார் கண்ணில் பட்டது.

"சார், காபூலிலேர்ந்து வந்தது வெறும் பிசின். அதிலே மாவு சேர்த்தது பிள்ளைவாள், இந்த ஊர். பொரிச்ச எண்ணெய் இந்த ஊர். கொதிச்ச தண்ணி கரமனையாறு. மணம் மட்டும்தான் அந்நியம். மணத்துக்கு ஏது சார் எல்லை?"

ஸ்ரீனிவாசன் டம்ளரைக் கீழே வைத்தார். "இதை அப்படியே எழுதிக் கொடும். டில்லியிலே பாதி ஆபீஸ் இந்த வியாக்கியானத்துக்குத்தான் காத்துண்டிருக்கு."

உத்தியோகம் ஒரு வருஷம் நீண்டது. கூடவே ஆபீஸ் வாசலில் வியாபாரிகளின் வரிசையும் நீண்டது. கரமனைத் தையல்காரர் உறை தைத்த அமெரிக்க டைப்ரைட்டர் வந்தது. உள்ளூர்த் தேங்காயெண்ணெய் விட்ட ஜெர்மன் பூட்டு வந்தது. எல்லாம் சுதேசி! எதை வெட்டுவது? வேலையற்றுப்போன சிவப்புப் பென்சிலை அப்போதுதான் அவர் முதன்முறையாக உருட்டிப் பார்த்தார். பொன்னெழுத்தில் 'பவேரியா, ஜெர்மனி' என்றிருந்தது. ஒரு கணம் திடுக்கிட்டார். அப்புறம் ஞாபகம் வந்தது: சீவியது நம் பியூன்.

சிரிக்கிறீர்களாக்கும். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் கைக்கடிகாரத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஐயோ, முகத்தை அல்ல. வாரை மட்டும்.