சனீஸ்வரனின் இடாப்பில் இல்லாத பெயர்

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்டன் பார்க்கில் சபாரத்தினத்தின் பலசரக்குக் கடை வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், முருங்கைக்காய் வந்து இறங்கிவிட்டதாக்கும் என்று எண்ணிப் பையோடு ஓடிவந்தார்கள். முருங்கைக்காய்க்கு ஒருநாளும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. கடையின் மேல்மாடியில் பெயர் விற்றார்கள்.

விற்றார்கள் என்று சொல்வது பாவம். அருளினார்கள்.

அருளியவர் செபமாலைமுத்து. 'பெயர் ஐயா' என்றால்தான் ஊருக்குத் தெரியும். அவருடைய சுவரில் முருகனும் இருந்தார், திருஇருதய ஆண்டவரும் இருந்தார். இருவருக்கும் ஒரே அளவு சட்டம், ஒரே நிறப் பல்பு. எந்தப் பக்கத்து வாடிக்கையும் கைநழுவக்கூடாது அல்லவா? 1991ஆம் ஆண்டு மாரியில், பிளேஸ்டோவிலிருந்து வெஸ்ட் ஈலிங் வரைக்கும், பிள்ளை பெற்ற தமிழர் எல்லாருக்கும் அவரைத் தெரிந்திருந்தது.

ஐயாவின் தத்துவம் எளிமையானது. சனீஸ்வரன் பள்ளிக்கூட வாத்தியாரைப் போல, பெயர்களை வரிசையாக எழுதிய இடாப்பு வைத்திருக்கிறான். பெயரைக் கூப்பிட்டுத்தான் ஆளைப் பிடிக்கிறான். நம்முடைய சிவகௌரிகளும் பியற்றிஸ்களும் அந்த இடாப்பில் எப்போதோ ஏறிவிட்டார்கள். அதனால்தான் நமக்கு யுத்தம், அகதி வாழ்வு, இரவு ஷிப்ட். உலகத்தில் எவருக்கும் இல்லாத பெயர் ஒன்றைப் பெண்பிள்ளைக்கு வைத்துவிட்டால் சனி தேடிக் களைத்துப் போய்விடுவான். அப்படிப்பட்ட பெயர் வானுலகத்தின் பாஷையான எபிரேயத்தில்தான் உண்டு. அதையும் மனிதர் தெரிவுசெய்யக்கூடாது. வானமே எழுதித் தரவேண்டும்.

வானம் எழுதும் முறையும் ஒழுங்கானதுதான். ஐயா ஒரு வெறும் தாளை உறையிலிட்டு அரக்கு வைத்துத் தருவார். பிள்ளை பிறந்து நாற்பத்தெட்டு நாள் ஆகும்வரைக்கும் அது மெத்தைக்குக் கீழே கிடக்கவேண்டும். பிள்ளையின் நித்திரையிலிருந்து பெயர் தாளில் இறங்கும். நாற்பத்தெட்டாம் நாளுக்குப் பிறகு வரும் ஞாயிறு, கூட்டத்துக்கு நடுவே ஐயா உறையைப் பிரித்துத் தாளை விளக்குக்கு மேலே பிடிப்பார். கண்ணுக்கு முன்னால் மண்ணிற எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பும். எபிரேயப் பெயர் தமிழ் எழுத்தில் வருவானேன் என்று ஒருவர் கேட்டாராம். வானுலகம் அகதிகள்மேல் இரக்கப்பட்டு மொழிபெயர்த்து அனுப்புகிறது என்று பதில் வந்ததாம். கேட்டவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதற்கெல்லாம் ஐயா ஒரு சதமும் வாங்குவதில்லை. பிள்ளைக்குப் போடும் முதல் தங்கக் காப்பை மட்டும் விளக்கடியில் வைத்துவிட்டுப் போகவேண்டும். திரும்பக் கேட்டால் பெயரும் திரும்பிப் போய்விடும். இன்னொரு விதியும் இருந்தது. பெயர் திறக்கும் வரைக்கும் பிள்ளையை எந்தப் பெயராலும் அழைக்கக்கூடாது. செல்லப் பெயரும் ஆகாது. அழைத்தால் சனிக்குக் காது கேட்டுவிடும்.

இந்த விதிதான் சந்திரவதனாவின் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது.

பத்தொன்பது மணித்தியாலம் வலியில் கிடந்து பெற்ற மகள். அந்தப் பத்தொன்பது மணித்தியாலத்தில் அவள் கையை விடாமல் பிடித்திருந்தவள், அறுபதை நெருங்கிய ஒரு யூத மருத்துவத்தாதி. ஷிப்ட் முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் மேலங்கியைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தவள். அவளுடைய பெயர் திர்சா. எபிரேயத்தில் 'என் மகிழ்ச்சி' என்று பொருளாம். பிள்ளையைத் துடைத்துத் தாயின் மார்பில் வைத்தபோது அவள் தன் பெயரையும் அதன் பொருளையும் சொன்னாள். பிள்ளைக்கும் அந்தப் பெயர்தான் என்று அந்த நிமிடமே சந்திரவதனா தீர்மானித்துவிட்டாள்.

ஆகவே எபிரேயப் பெயர், அதுவும் அருமையான பெயர், அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்தது. விளக்கும் வேண்டியதில்லை, அரக்கும் வேண்டியதில்லை.

கணவன் இராஜேந்திரன் கேட்டவுடனே தலையாட்டி மறுத்தான்.

"அது ஆரோ ஒரு நேர்ஸ் பாவிச்ச பெயர். கார் செகண்ட் ஹாண்டாய் வாங்கலாம், பெயரும் செகண்ட் ஹாண்டோ?"

அவன் கெட்டவன் அல்லன். பெற்றோல் நிலையத்தில் மேற்பார்வையாளன் அவனுடைய பெயரை வெட்டி வெட்டி 'ரெஜ்' ஆக்கி வைத்திருந்தான். ஏழு வருடமாக அந்தத் துண்டுப் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு நின்றவன். மகளுக்காவது எவரும் வெட்டமுடியாத பெயர் வேண்டும் என்று ஏங்கினான். ஏக்கம் உள்ள இடத்தில்தான் ஐயாமார் கடை திறக்கிறார்கள்.

காப்பு விளக்கடிக்குப் போயிற்று. உறை மெத்தைக்குக் கீழே வந்தது. பிள்ளை 'பிள்ளை' ஆயிற்று. கிளினிக் அட்டையில் 'பேபி இராஜேந்திரன்' என்று எழுதினார்கள். குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் "திர்சா" என்று ஒருதரம் கூப்பிட்டுவிட்டு வருவாள் தாய். பெற்ற பிள்ளையைக் களவாகக் கூப்பிடுகிற கொடுமை சனீஸ்வரனுக்கே தோன்றியிருக்காது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இந்த நாட்டுச் சட்டப்படி பிள்ளை பிறந்து நாற்பத்திரண்டு நாளுக்குள் பதியவேண்டும். ஐயாவின் சட்டப்படி நாற்பத்தெட்டு. பெயர் இல்லாமல் எப்படிப் பதிவது என்று அவள் கேட்டாள். கவுன்சில்காரர் கொஞ்ச நாள் பொறுக்கமாட்டார்களோ என்றான் கணவன். வானத்துக்கு அவசரமில்லை, கவுன்சில்தான் அவசரப்படுகிறது என்று ஐயா சொல்லியிருந்தாராம். பதியாவிட்டால் பிறப்புப் பத்திரமில்லை. ஹோம் ஒபிசில் அகதி மனு முடிவுக்குக் காத்துக் கிடக்கும் குடும்பத்துக்குப் பத்திரமில்லாத பிள்ளை என்றால் என்னவென்று வானத்துக்குத் தெரியாது. சந்திரவதனாவுக்குத் தெரியும். அவள் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக வெட்டிக்கொண்டு வந்தாள்.

முப்பத்தெட்டாம் நாள், வெள்ளிக்கிழமை காலை. பிள்ளை, சனிக்கும் ஐயாவுக்கும் ஒரே மரியாதை செலுத்தும் விதமாக, மெத்தையை நனைத்தது. ஈரம் கீழிறங்கி உறையையும் பிடித்துவிட்டது. அரக்கு விட்டுப்போயிற்று.

அவள் பயந்துதான் போனாள். கணவன் வேலையால் வருவதற்குள் தாளைக் காயவைத்து மீண்டும் ஒட்டிவிடவேண்டும். இஸ்திரிப் பெட்டி பிள்ளையின் துணிகளுக்காகச் சூடாகி நின்றது. ஒரு துணிக்கு இடையில் தாளை வைத்து, ஈரம்படாத பாதியை முதலில் அழுத்தினாள். தேசிக்காய்ச் சாற்றின் புளிப்பு மணம் வந்தது. துணியை நீக்கினால், மண்ணிறத்தில், சாய்ந்த எழுத்தில், 'கேரேனாப்புக்'.

நாற்பத்தெட்டு நாள் வேலையை வானம் பத்து நாள் முந்தி முடித்துவிட்டதா? அவள் அவசரப்படவில்லை. குசினிக்குப் போய் ஒரு தேசிக்காயை வெட்டிப் பிழிந்தாள். பற்குச்சியைச் சாற்றில் தோய்த்து, கடிதம் எழுதும் தாளில் 'சனீஸ்வரன்' என்று எழுதிக் காயவிட்டாள். தாள் வெறுமையாய்த் தெரிந்தது. பெட்டியை வைத்தாள். சனீஸ்வரன் மண்ணிறமாய் எழுந்து வந்தான்.

பக்கத்து வீட்டு எமில்டா மன்னார்ப் பக்கத்தவள். அவளுடைய மகளுக்கு ஆறு மாதத்துக்கு முன்னர் ஐயா அருளிய பெயர்த் தாள், கண்ணாடிச் சட்டத்துக்குள் வரவேற்பறையில் தொங்கியது. சந்திரவதனா தன் தாளைக் கொண்டுபோய் அதற்கு அருகில் பிடித்தாள். அதே சாய்வு. அதே நிறம். அதே கேரேனாப்புக்.

எமில்டா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"உலகத்திலை ஒருத்திக்குத்தான் இந்தப் பெயர் எண்டவரே, வதனா. அப்ப என்ரை பிள்ளை ஆர்?"

எமில்டா வேதாகமத்தை எடுத்து யோபுவின் கடைசி அதிகாரத்தைத் திறந்தாள். ஞானஸ்நானத்தன்று சுவாமியார் காட்டிய இடம். யோபுவுக்கு மூன்று மகள்மார்: எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். அன்றைக்கு அது ஐயாவுக்குச் சாட்சியாகப்பட்டது. இன்றைக்கு அவர் பார்த்து எழுதிய பக்கமாகத் தெரிந்தது.

கணவனிடம் சொல்லலாமா? சொன்னால், உறையை முந்தித் திறந்தது குற்றம், அதனால்தான் பெயர் இரட்டித்துப் போனது என்பான். அந்தப் பதிலையும் ஐயா முன்கூட்டியே விற்றிருந்தார். ஊருக்கு முன்னால்தான் உடைக்கவேண்டும். அவள் ஞாயிறு வரைக்கும் வாய் திறக்கவில்லை.

நாற்பதாம் நாள், ஞாயிறு. மேல்மாடியில் ஊதுபத்திப் புகை. குழந்தைகள், பால்போத்தல்கள், தங்கம், பக்தி. ஐயா ஒரு உறையைப் பிரித்து விளக்கின்மேல் பிடிக்க, 'கெத்சீயாள்' எழுந்தாள். அந்தத் தாய் விம்மினாள். கூட்டம் கும்பிட்டது. பக்கத்து மேசையில், அன்றைக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் கொடுப்பதற்கு வெறும் தாள்கள் ஒரு கட்டாக இருந்தன. அப்போது சந்திரவதனா, பிள்ளையைத் தோளில் போட்டபடி, கணவனுக்குப் பக்கத்திலிருந்து எழுந்து பணிவாகக் கேட்டாள்.

"ஐயா, பிள்ளை படுத்தபிறகுதானே பெயர் இறங்கும்?"

"ஓம் பிள்ளை."

"அதுக்கு முந்தி தாளிலை ஒண்டும் இல்லையோ?"

"வெறும் தாள். சத்தியமாய் வெறும் தாள்," என்றார் ஐயா. முருகனையும் திருஇருதயத்தையும் கைகாட்டிச் சொன்னார்.

"அப்ப வெறும் தாளை அயன் பண்ணினால் பாவமில்லைத்தானே."

எமில்டா பையிலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். ஐயாவின் காலடியில் எரிந்த ஹீட்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டு அதைச் செருகினாள். முதலில் ஐயாவுக்குக் கால்தான் குளிர்ந்தது. பிறகு முகமும் வெளுத்தது.

"துடக்குக்காரி! என்ரை தாளிலை கை வையாதை!"

"துடக்குக் கழிக்கிற முப்பத்தொண்டு முடிஞ்சு ஒன்பது நாள், ஐயா. உங்கடை கணக்கு எப்பவும் கொஞ்சம் பிந்தும்."

பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். சிரிப்பு பொல்லாதது. பக்திக்கு இடையில் ஒருதரம் நுழைந்தால் பிறகு வெளியே போகாது. கடைக்காரர் சபாரத்தினம், வாடகை வாங்குகிறவர் என்ற உரிமையில், கட்டின் மேல்தாளை எடுத்து நீட்டினார். ஐயாவின் வெறும் தாளைப் பார்க்க அவருக்கும் ஆசையாம்.

சந்திரவதனா பெட்டியை வைத்து எடுத்தாள். 'எமீமாள்.'

கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. ஐயா முந்திக்கொண்டார். பார்த்தீர்களா அற்புதத்தை, நாத்திகம் பேச ஒருத்தி வருவாள் என்று தெரிந்து வானம் முன்கூட்டியே எழுதிவிட்டது என்றார். சொன்னால் நம்பமாட்டீர்கள், நாலைந்து பேர் கும்பிட்டார்கள்.

அப்போதுதான் இராஜேந்திரன் எழுந்தான். மனைவியை இழுத்துக்கொண்டு போகத்தான் எழுந்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். அவன் அவள் கையிலிருந்து பெட்டியை வாங்கினான். ஏழு வருடம் தன் சட்டையைத் தானே அழுத்திய கை. இரண்டாம் தாளை வைத்தான். கெத்சீயாள். மூன்றாவது, கேரேனாப்புக். நாலாவது, திரும்பவும் எமீமாள். ஒவ்வொன்றையும் மடிப்புக் குலையாமல் மேசையில் வரிசையாக அடுக்கினான். தாள் கட்டு முடிந்தபோது யோபுவுக்கு முப்பத்தாறு மகள்மார். பிறக்காத பிள்ளைகளுக்கும், இன்னும் கலியாணமே முடிக்காதவர்களின் பிள்ளைகளுக்கும் பெயர் ஆயத்தமாக இருந்தது. பாவம், ஐயா அந்தப் பக்கத்துக்கு அப்பால் வாசிக்கவில்லை.

"ஐயா," என்றான் இராஜேந்திரன். குரல் உயரவில்லை. "என்ரை பெயரை வெள்ளைக்காரன் வெட்டினவன். என்ரை பிள்ளைக்கு நாற்பது நாள் பெயரே இல்லாமல் செய்தது நீர். காப்பை எடும்."

காப்பு வந்தது. அதன் பின்னால் மற்றக் காப்புகளும் வரத் தொடங்கின. சபாரத்தினம் படியிறங்கும் வழியை அடைத்துக்கொண்டு நின்றதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

நாற்பத்திரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, பதிவு அலுவலகம். பெயர் என்னவென்று அதிகாரி கேட்டாள். இராஜேந்திரன் மனைவியைப் பார்த்தான்.

"நீ சொல்லு. குளியலறையிலை சொல்லுறதை இஞ்சையும் சொல்லு."

கணவனுக்குக் காது கேட்டிருக்கிறது, சனிக்குத்தான் கேட்கவில்லை.

"திர்சா," என்றாள், தண்ணீர்க் குழாய் இல்லாமல்.

பிள்ளை திரும்பிப் பார்த்தது.

செபமாலைமுத்து இப்போது அப்டன் பார்க்கில் இல்லை. அன்றைக்கு மேல்மாடியில் கும்பிட்ட நாலைந்து பேரில் ஒருவர், படியால் இறங்கும்போது அவருடைய காதருகே போய், அடுத்த ஞாயிறு எங்கே இருப்பீர்கள் ஐயா என்று கேட்டதைச் சபாரத்தினம் தன் காதால் கேட்டாராம். அந்த ஒருவருக்காகவே இதை எழுதவேண்டியிருக்கிறது. இஸ்திரிப் பெட்டி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. மூளையும் இருக்கிறது. இரண்டும் சுவிட்சைப் போட்டால்தான் சூடேறும். போடாமல் வைத்திருந்தால், ஐயாமார் தாள் பறக்காமல் இருக்க இரண்டையும் தூக்கிப் பாரம் வைப்பார்கள்.